சுப்புராயன் பேருக்கு ஒரு கடிகாரம்

கனிமொழிக்குச் சரக்கு ரயில் கார்டாக வேலை கிடைத்துப் பயிற்சியும் முடிந்திருந்தது. விழுப்புரத்தில் போய்ச் சேர வேண்டும். அதற்கு முன்னால் சிநேகிதி ஒருத்தியின் கல்யாணத்துக்காகச் சிதம்பரம் போனவள், கீழ வீதியை ஒட்டிய சந்தில் ஒரு பழம்பொருள் கடையைப் பார்த்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு பாக்கெட் கடிகாரம் இருந்தது. அந்தக் காலத்து ரயில்வே கார்டுகள் சங்கிலி போட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்த வகை. போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

கடலூர் முதுநகர் வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் படத்தைக் காட்டினாள். அவள் அப்பா ராஜமாணிக்கம் ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"மொத சம்பளத்துல இத வாங்கலாம்னு இருக்கேன்பா. பதினெட்டாயிரம் சொல்றாரு. பேசுனா கொறைப்பாரு."

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார். தட்டில் இருந்த இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

கனிமொழி அம்மாவைப் பார்த்தாள். மாரியம்மாள் தட்டை எடுத்துக்கொண்டே, இத்தனை வருஷமாக மகளிடம் சொல்லாததைச் சொன்னாள்.

கனிமொழியின் தாத்தா சுப்புராயன் இதே முதுநகர் ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேன். ரயிலைத் தடம் மாற்றிவிடும் வேலை. ஒருநாள் டியூட்டி முடிந்து இறங்கிய கார்டு ஒருவர் தன் கடிகாரத்தைக் காணோம் என்றார். சிக்னல் கேபின் மேசைமேல் வைத்தேன், சுப்புராயன் மட்டும்தான் உள்ளே வந்தான் என்றார். வீட்டைச் சோதனை போட்டார்கள். அரிசிப் பானையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. சாட்சி இல்லாததால் வேலை தப்பியது. ஆனால் கடிகாரத்தின் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். இருநூற்று நாற்பது ரூபாய். அப்போது அவர் சம்பளம் எண்பது. மாதம் பத்துப் பத்தாக இரண்டு வருஷம் பிடித்தார்கள்.

அந்தக் கார்டே எங்காவது தொலைத்திருப்பார் என்று பிற்பாடு பலரும் பேசிக்கொண்டார்கள். சுப்புராயனிடம் வந்து அதை யாரும் சொல்லவில்லை. தெருவில் அவர் வீட்டுக்குக் 'கடியாரக்காரன் வூடு' என்று பெயர் நிலைத்தது. பள்ளிக்கூடத்தில் ராஜமாணிக்கத்தைப் பையன்கள் 'கடியாரம்' என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் எதனால் வந்தது என்று கனிமொழிக்கு இதுவரை தெரியாது.

"உங்க தாத்தா சாவற வரைக்கும் மணி என்னான்னு ஒருத்தரையும் கேட்டதில்ல" என்றாள் மாரியம்மாள்.

கனிமொழி அந்தப் படத்தை போனிலிருந்து அழித்துவிட்டாள்.

மறுநாள் காலையில் ராஜமாணிக்கம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"சிதம்பரத்துல அந்தக் கடை எங்க இருக்குது? காட்டு, போலாம்."

"வேணாம்பா. தெரியாம சொல்லிட்டேன்."

"நான் வேணாம்னு சொன்னனா? கௌம்பு."

பாசஞ்சரில் போனார்கள். வழி முழுக்க அவர் ஜன்னல் வழியாகத் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கடைக்காரர் பெயர் அன்புமணி. கடிகாரத்தை எடுத்துத் துணியால் துடைத்துச் சாவி கொடுத்து ராஜமாணிக்கத்தின் கையில் வைத்தார். அது ஓடியது. அந்தச் சத்தம் விரல்களில் அதிர்ந்தபோது அவர் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். பிறந்ததிலிருந்து இந்தப் பொருளைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர், இன்றுதான் முதல்முறையாகத் தொடுகிறார்.

"ஒரிஜினல் ரயில்வே ஐட்டம் ஐயா. இப்ப கெடைக்காது. பதினெட்டுதான், ஜாஸ்தி சொல்லல."

"இது மாதிரி ஒண்ணுக்கு எங்கப்பா காசு கட்டுனாரு" என்றார் ராஜமாணிக்கம். "மூணு மாசச் சம்பளம். ஆனா எடுக்காத பொருளுக்குக் கட்டுனாரு."

அன்புமணிக்குப் புரியவில்லை. கனிமொழி நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டார். பிறகு, "பத்தாயிரம் குடுங்க ஐயா, போதும். நான் வாங்குன வெலை அதுதான்" என்றார்.

கனிமொழிக்குச் சந்தோஷமாக இருந்தது. பயிற்சியின்போது சேர்த்த பணம் இருந்த கைப்பையைத் திறந்தாள். ராஜமாணிக்கம் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வேணாம் தம்பி. நீங்க சொன்ன வெலையே எடுத்துக்குங்க. எங்கப்பா ஒரு ரூபா கொறைக்கச் சொல்லாம முழுசாக் கட்டுனாரு. நானும் முழுசாக் குடுத்துதான் வாங்குவேன்."

"அப்பா, நான் குடுக்குறேன்."

"இது உன் செலவு இல்லம்மா. இது எங்கப்பாவுக்கு மூணு மாசச் சம்பளம். எனக்கு ஒரு மாசப் பென்ஷன்ல வாங்கிட்டு மிச்சமும் வச்சுக்கலாம். உனக்கு அரை மாசச் சம்பளம் கூட வராது. அதப் பாக்கத்தான் வந்தேன்."

சட்டையின் உள்பையிலிருந்து பணத்தை எடுத்து வைத்தார்.

"பில்லு போடுங்க."

"என்ன பேரு ஐயா?"

"சுப்புராயன். முதுநகர்."

அன்புமணி நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதினார்.

ஊருக்குத் திரும்பியதும் ராஜமாணிக்கம் வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஜங்ஷன் எதிரே இருக்கும் டீக்கடைக்குப் போனார். அவரோடு ஒன்றாகப் படித்த செந்தமிழ்செல்வன் வழக்கம்போல அங்கே உட்கார்ந்திருந்தார்.

"வாய்யா கடியாரம். எங்க, சட்டையெல்லாம் பலமா இருக்குது?"

ராஜமாணிக்கம் கடிகாரத்தைப் பையிலிருந்து எடுத்துப் பெஞ்சில் வைத்தார். பக்கத்தில் பில்லை விரித்து வைத்தார். செந்தமிழ்செல்வன் குனிந்து பெயரைப் படித்தார். மறுபடியும் படித்தார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவரும் கையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"உங்கப்பா பேருல..." என்று தொடங்கிய செந்தமிழ்செல்வன் பில்லைக் கவனமாக மடித்து அவர் கையில் கொடுத்தார். "சின்னதுலேர்ந்து அந்தப் பேரச் சொல்லியே கூப்ட்டுட்டேன் மச்சான். மனசுல வச்சுக்காத."

"இனிமே ராஜமாணிக்கம்னு கூப்புடு" என்றார் அவர். "ரெண்டு டீ போடுங்க."

அந்த மாதக் கடைசியில் கனிமொழி முதன்முறையாகத் தனியாக ஒரு சரக்கு ரயிலுக்குக் கார்டாக முதுநகர் ஜங்ஷன் வழியாக வந்தாள். வடலூர்ப் பக்கம் போகும் வண்டி. சிக்னலுக்காக நின்றது. விஷயம் எப்படியோ தெரிந்து, மாரியம்மாளும் செந்தமிழ்செல்வனும் தெருக்காரர்கள் பாதிப்பேரும் பிளாட்பாரத்தில் கூடியிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் ராஜமாணிக்கம். முதுகு வளையாமல், சட்டைக்கு வெளியே கடிகாரச் சங்கிலி தெரிய நின்றார். பக்கத்தில் நின்ற போர்ட்டர் ஒருவர் கடைசிப் பெட்டியைக் காட்டி, "யாரு பெரியவரே அந்தப் பொண்ணு?" என்று கேட்டார்.

"அந்த வண்டிக்குக் கார்டு" என்றார் அவர். "இதே ஜங்ஷன்ல வேல பாத்த சுப்புராயனோட பேத்தி."

சிக்னல் விழுந்தது. கடைசிப் பெட்டியின் வாசலில் நின்ற கனிமொழி பச்சைக் கொடியை விரித்து உயர்த்திக் காட்டினாள். அத்தனை நீள வண்டியும் அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நகர்ந்தது.