காதோரத்து நுரை

எண்பத்து மூன்றாம் வருடக் குளிர்காலத்தில் ரஸ்ஸல் ஹாக்லண்ட் தன் முதல் கதையை என் சமையலறை மேசையில் கொண்டுவந்து வைத்தான். அவன் கையெழுத்து கோழி கிளறினமாதிரி இருக்கும். அன்றிலிருந்து அவன் எழுதுவதையெல்லாம் தட்டச்சு செய்து கொடுப்பவள் நான்தான்.

ரஸ்ஸலோடு கூட வாழ்பவன் டோய்வோ. அப்போது இரும்புத் தாது ஏற்றும் கப்பலில் சமையல்காரன். ஏரி உறைந்து கப்பல்கள் எங்கள் ஊரான டுலூத்தின் கரையில் கட்டிக் கிடக்கும் மூன்று மாதந்தான் அவன் வீட்டில் இருப்பான். ரஸ்ஸலின் கதைகளில் பாதி, டோய்வோ கிளம்பிப்போன வாரத்தில் எழுதியவை.

அப்போதெல்லாம் இரண்டு ஆண்கள் குடித்தனம் நடத்தும் கதையை எந்தப் பத்திரிகை போடும், கண்ணுகளா? அதனால் டோய்வோ கதைக்குள் டீனா ஆனான். அவனுடைய கோபம், ஏலக்காய் ரொட்டி, வெடிச்சிரிப்பு எல்லாம் டீனாவுக்குப் போயின. "டீனாவை எப்ப கட்டிக்கப்போறே?" என்று ஊரே கேட்டது. டோய்வோ மட்டும் ஒரு கதையையும் படிக்கவில்லை.

ஒரு கதையில் ரஸ்ஸல் சறுக்கிவிட்டான். டீனாவின் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த சவர நுரையைக் கதைசொல்பவன் கட்டைவிரலால் துடைக்கிறான்! நான் சிரித்தேன். பிறகு பயந்தேன். யாரிடமும் சொல்லாமல் நுரையை 'மாவு' என்று அடித்தேன். அச்சில் வந்ததை ரஸ்ஸல் திருப்பிப் பார்ப்பதே கிடையாது. தப்பித்தேன்.

போன வசந்தத்தில் எல்லாக் கதைகளும் ஒரே தொகுதியாக வருவதென்று முடிவாயிற்று. டீனாவை எடுத்துவிட்டு டோய்வோவின் பெயரைப் போட வேண்டும் என்று ரஸ்ஸலுக்குக் கொள்ளை ஆசை.

டோய்வோ அசையவில்லை. "நாப்பது வருஷம் அவளோட குடித்தனம் பண்ணிட்டு இப்ப துரத்தறியாடா? யாரோ ஒரு பொம்பளை கதை அது. அதுல நான் எங்க இருக்கேன்?"

ரஸ்ஸல் என்னிடம் சொன்னான்: "அவன் மனசில்லாம போடமாட்டேன், பெர்னிஸ். ஆனா அவன் பேர் இல்லாம இந்தப் புத்தகம் எனக்கு எதுக்கு?"

ஒரு ஞாயிறு மதியம் அச்சுப்படியைத் திருத்த உட்கார்ந்தோம். ரஸ்ஸலுக்குக் கண் மங்கல், அதனால் நான் உரக்கப் படித்தேன். டீனா வந்த இடமெல்லாம் டோய்வோ என்றே படிக்கச் சொல்லியிருந்தான். டோய்வோ காதில் விழாதவன்போல ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். காதோரத்து மாவு வந்ததும் கத்தியைக் கீழே வைத்தான்.

"நிறுத்து, பெர்னிஸ். காதுல என்ன மாவு?"

"ரொட்டி பிசைஞ்சிருப்பே" என்றேன்.

"கப்பலுக்குக் கிளம்பற அன்னிக்கா? வாசல்ல வண்டி நிக்குது, அரைகுறையா சவரம் பண்ணிட்டு ஓடறேன். இவன் இழுத்துப் புடிச்சு விரலால துடைச்சான். அது நுரை!"

ரஸ்ஸல் நிமிர்ந்தான். "நான் நுரைன்னுதானே எழுதினேன்?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். சொல்லிவிட்டேன்.

"அடிப்பாவி!" என்றான் ரஸ்ஸல்.

டோய்வோ சிரிக்கவில்லை. அவன் கை காதுக்குப் பின்னால் போய் அங்கேயே நின்றது.

"அதையெல்லாமாடா எழுதி வெச்சிருக்கே?"

"எல்லாத்தையும்."

டோய்வோ ரொட்டியைத் தள்ளிவைத்தான். "என் பேரைப் போடறதா இருந்தா ஒழுங்காப் போடு. மாவு கீவெல்லாம் வேணாம்."

ரஸ்ஸல் பென்சிலைத் தேடி எடுத்தான். என்னிடம் நீட்டினான்.

"கெடுத்தவ நீதானே? நீயே திருத்து."