மூன்றாம் சமோரி

சொந்த ஊரான பேசாலையில் இருந்த காலமெல்லாம் பத்திநாதர் கூத்தில் கட்டியக்காரன்தான். "ராசா வாறார்" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு ஓரமாய் ஒதுங்குகிற வேலை. பிரெஞ்சு தேசத்து லா சப்பலுக்கு வந்து சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவிய பிறகும் மனுசனுக்கு அந்த எரிச்சல் ஆறவில்லை. எண்பத்தேழில் கோயில் பெருநாளுக்குக் கூத்துப் போட்டு, அதை வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்புவதென்று முடிவானது. கிரீடத்தோடு தன்னைப் பார்த்து மச்சான்மார் வாய்பிளக்க வேண்டும் என்று பத்திநாதர் ஒரே பிடியாய் நின்றார்.

கதை புதிது. கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் மடுத்தீன் தன்னோடு வேலை செய்த கினி நாட்டுக்காரனிடம் கேட்டுக் கட்டியது. சமோரி என்றொரு ஆப்பிரிக்க ராசா. பிரெஞ்சுக்காரனோடு ஒப்பந்தம் எழுதுவான், அந்தக் கையோடு ஆங்கிலேயனுக்கும் தூது விடுவான். இரண்டு வெள்ளையையும் முட்டவிட்டு வருடக்கணக்காய்த் தப்பியவன், கடைசியில் பிரெஞ்சுக்காரரிடம் பிடிபட்டான்.

"இதென்ன பெரிய வித்தை?" என்று பத்திநாதரும் காரியத்தில் இறங்கினார். ரூ பெர்தொனே தெருவின் நகைக்கடை லாசரும், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவின் சாப்பாட்டுக்கடை வரதராசாவும் எதிரெதிரே கண்டால் தெரு மாறுகிறவர்கள். கூத்துக்குக் கிரீடமும் உடுப்பும் லாசர் பொறுப்பு. சாப்பாடும் வீடியோவும் வரதராசா பொறுப்பு.

"லாசரண்ணை, நான் உங்கடை ஆள். வரதராசா தன்ரை மருமகனை ராசாவாக்கப் பாக்கிறார், விட்டிடாதேங்கோ."

அடுத்த தெருவில், "வரதண்ணை, நான் உங்கடை ஆள். லாசர் தன்ரை மச்சானைக் கொண்டுவரப் போறாராம்."

இரண்டும் பச்சைப் புளுகு. இருவரும் அண்ணாவியாரிடம் தனித்தனியே போய்ப் பத்திநாதருக்காகப் பேசினார்கள். அண்ணாவியாருக்கு மூக்கில் வியர்க்காதா? இருவரையும் ஒரே மேசையில் இருத்தித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். பேசாதவர்கள் அன்று பேசினார்கள், வயிறு குலுங்கச் சிரித்தார்கள். எழும்பும்போது ஆளுக்கொரு வேடமும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

கூத்தில் ஒரே ராசாவை மூன்று பேர் மாறி மாறி ஆடுவது ஊர் வழக்கம். முதல் சமோரி கொலுவிருப்பார், இரண்டாம் சமோரி சண்டை பிடிப்பார். பத்திநாதருக்கு மூன்றாவது. கடைசியாய் வருகிற ராசாவைத்தானே சனம் மறக்காது என்று மனுசன் பூரித்துப்போனார்.

பெருநாளன்று மேடைக்குப் பின்னால் பத்திநாதர் தன் மொட்டைத்தலையைத் தடவிக்கொண்டு அண்ணாவியார் முன்னால் நின்றார்.

"அண்ணை, என்ரை கிரீடம்?"

"ஓடி ஒளிச்சுப் பிடிபடுற ராசாவுக்கு என்ன கிரீடம்? போம் காணும்!"

மேடையில் பொய்மீசையும் தொப்பியுமாய் இரண்டு பிரெஞ்சுத் தளபதிகள் கயிற்றோடு காத்திருந்தார்கள். ஒத்திகையில் நின்ற பொடியன்கள் அல்ல. ஒருவர் லாசர், மற்றவர் வரதராசா. பத்திநாதரின் இடுப்பைச் சுற்றிக் கயிறு விழுந்தது.

"நீர் என்ரை ஆள்தானே?" லாசர் காதுக்குள் கேட்டுக்கொண்டு ஒரு இழுவை இழுத்தார்.

"இல்லையே, என்ரை ஆள்." வரதராசா தன் பக்கம் இழுத்தார்.

வெட்கம் தாங்காமல் பத்திநாதர் பொலபொலவென்று அழுதுவிட்டார். மண்டபமே எழும்பிக் கைதட்டியது. "அட, என்ன நடிப்பு!" என்றார்கள். வீடியோக்காரன் கிட்டே ஓடிவந்து, அந்த மொட்டைத்தலையும் கண்ணீரும் திரை நிறைய விழும்படி எடுத்தான். மறுநாளே லாசரும் வரதராசாவும் தோளில் கை போட்டபடி போய், கசெற்றைப் பேசாலைக்குத் தபாலில் சேர்த்தார்கள்.