உரிக்காமல் விட்ட துணி

"முதல் தடவை நானே மேல கொண்டுபோறேன், ரோன். நீ வேணாம்."

இதைச் சொன்னபோது வெர்லின் ரோண்டாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஏற்கெனவே பளபளவென்றிருந்த என்ஜின் மூடியை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான். அந்தக் கொட்டகையில் அவன் சொந்தமாகக் கட்டிய விமானம் சனிக்கிழமை முதன்முறையாகத் தரையை விட்டு எழும்ப வேண்டும். ஓட்டப்போவது ரோண்டா என்று வசந்தத்திலிருந்தே ஹார்விக் ஊர் முழுக்கத் தெரியும்.

"ஏன்?" என்றாள்.

"சும்மாதான். யோசிச்சுப் பார்த்தேன்."

ரோண்டாவுக்குச் சுருக்கென்றது. அவள் வயல்களுக்கு மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டுகிறவள். கோடை முழுக்க மின்கம்பிக்கு அடியில் நுழைந்து வெளியே வருவதுதான் அவள் பிழைப்பு. வெர்லினோ, மனைவி ஆர்லிஸ் படுக்கையில் விழுந்ததிலிருந்து எந்த விமானத்திலும் ஏறி உட்கார்ந்ததே இல்லை. பழக்கம் விட்ட கையோடு, ஒருவரும் ஓட்டிப் பார்க்காத, வேகம் பிடித்த விமானத்தில் ஏறுவது வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வதுதான். அது அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் தன் கொழுந்தியாள் ரோண்டாவிடம் கேட்டான். இப்போது என்ன வந்தது?

"இன்னிக்குக் காத்து நல்லா இருக்கு" என்றார் மைலோ. அந்த விமானத் திடலின் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். எண்பதை நெருங்கும் மனிதர். பக்கத்து மேசையில் உட்கார்ந்து, தட்டில் மிஞ்சியிருந்த ஒரே எலுமிச்சை கேக் துண்டைக் கத்தியால் சரிபாதியாக வெட்டி, பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஹார்விக் ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பக்கத்து வீடு தீப்பற்றி எரிந்தாலும் கதவைத் தட்டி, 'தொந்தரவுக்கு மன்னிக்கணும், வேலையா இருக்கீங்களோ?' என்றுதான் ஆரம்பிப்பார்கள். தட்டில் கடைசித் துண்டை யாரும் எடுக்க மாட்டார்கள். ஒருவர் பாதி எடுப்பார், அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி எடுப்பார், முடிவில் எறும்புக்கும் காணாத ஒரு சிட்டிகை தட்டில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும். ரோண்டா மட்டும் இதில் சேர்த்தி இல்லை. முழுத் துண்டையும் எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறவள், மனதில் பட்டதைப் பட்டென்று கேட்டுவிடுகிறவள் என்று பெயர் வாங்கியவள். அந்தப் பெயரைக் காப்பாற்ற அவள் தவறியது ஒரே ஒரு நாள்தான். அந்த நாளும் இந்தக் கதையில் வரும்.

கோபம் வந்தால் சிலர் பாத்திரம் விளக்குவார்கள். ரோண்டா பையிலிருந்து ஒரு கால் டாலர் காசை எடுத்து விமானத்தைச் சுற்ற ஆரம்பித்தாள்.

பார்வைக்கு அது பழைய மஸ்டாங் போர் விமானம், முக்கால் அளவில். வெள்ளிப் பெயின்ட், இறக்கையில் நட்சத்திரம். ஆனால் தோலில் ஒரு அலுமினியத் தகடுகூடக் கிடையாது, எல்லாம் கார்பன் இழையில் நெய்த துணி. துணியை அச்சில் விரித்து, பிசினில் நனைத்து, பைக்குள் மூடிக் காற்றை உறிஞ்சினால், இறுகிக் கறுத்த ஓடாக வெளியே வரும். வெர்லினும் ஆர்லிஸும் பல குளிர்காலங்களை அதிலேயே கழித்தார்கள். துணி வெட்டுவது, நனைப்பது, குமிழி தெரிந்தால் திட்டுவது மூன்றும் ஆர்லிஸின் இலாகா. விமானத்தின் மூக்கில் அவள் பெயரை எழுதலாமா என்று வெர்லின் கேட்டபோது, "வேண்டவே வேண்டாம், மேல வர்ற பூச்சியெல்லாம் என் மூஞ்சியில அடிபட்டுச் சாகும்" என்று சொல்லிவிட்டாள்.

ரோண்டா காசால் தட்டிக்கொண்டே போனாள். ஒட்டு நன்றாக இருந்தால் கணீரென்று கேட்கும். உள்ளே காற்று நின்றிருந்தால் விரிசல் விட்ட பானைபோல மொத்தென்று கேட்கும். வலது இறக்கை முழுக்கக் கணீர். வால் கணீர். இடது இறக்கைக்கு வந்தாள்.

"அங்க தட்டிப் பார்த்தாச்சு" என்றான் வெர்லின்.

"நான் தட்டலையே."

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ரோன்."

நன்றாகத்தான் கேட்டது. ஆனால் அவன் துடைப்பதை நிறுத்திவிட்டான். துடைத்துக்கொண்டே இருந்திருந்தால் அவள் சந்தேகப்பட்டிருக்கமாட்டாள். இறக்கையின் பின்விளிம்பில் ஏறி இறங்கும் சின்னப் பலகையைக் கையால் அழுத்திக் கீழே இறக்கினாள். பலகைக்குப் பின்னால், பெயின்ட் படாத கறுப்பு விளிம்பு தெரிந்தது. மேல் தோலும் கீழ்ச் சட்டமும் ஒட்டும் கோட்டில் மயிரிழைபோல ஒரு சிவப்பு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் நீல டேப்பின் ஓரமும் கொஞ்சம் தெரிந்தது.

இந்த வேலையில், மூடிய இறக்கையில் அந்தச் சிவப்பு நூல் தெரியவே கூடாது. பின்னால் ஒட்டப்போகும் இடங்களில், பிசின் ஈரமாக இருக்கும்போதே ஒரு மெல்லிய துணியைப் படிய வைப்பார்கள். காய்ந்ததும் அதை உரித்தெறிந்தால் அடியில் சுத்தமான, சொரசொரப்பான பரப்பு கிடைக்கும். பசை அதில்தான் பிடிக்கும். உரிப்பதற்கென்றே போடுவதால் அதற்கு உரிதுணி என்று பெயர். பிசினில் நனைந்தால் அது கண்ணுக்கே தெரியாது. மறந்துவிடக்கூடாது என்றுதான் அதில் ஊடே ஊடே சிவப்பு நூல் விட்டு நெய்திருப்பார்கள். உரிக்காமல் அதன் மேலேயே பசை போட்டால் தோல் ஒட்டுவது துணியோடு, இறக்கையோடு இல்லை. காசால் தட்டினால் கணீரென்றுதான் கேட்கும். காற்று முழுப் பலத்தோடு பிடித்து இழுக்கும்போதுதான் வண்டவாளம் வெளியே வரும்.

அது எந்த இடம் என்று ரோண்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

இறக்கையை மூடும் நாள் இந்த ஊரில் ஒரு சின்னக் கல்யாணம் மாதிரி. மேல் தோலை ஒட்டிவிட்டால் உள்ளே இருப்பதை இனி ஒருவரும் பார்க்கப்போவதில்லை. அதனால் மூடுவதற்கு முன் சிநேகிதர்கள் வந்து, சாப்பிட்டு, வெள்ளி மை பேனாவால் உள்ளே கையெழுத்துப் போடுவார்கள். எல்லோரும் எக்கி நடுவில் போட்டார்கள். ஆர்லிஸ் சக்கர நாற்காலியில் இருந்தாள். அவள் கைக்கு விளிம்புதான் எட்டியது. ஒட்டுகிற விளிம்பு, உரிதுணியின் மேல். அவள் குனிந்து பொடி எழுத்தில் என்னவோ எழுதிக்கொண்டே இருந்தாள். ஊரே சுற்றி நின்று பார்த்தது. 'அங்க வேணாம், ஆர்லிஸ், அதை உரிக்கணும்' என்று ஒரு வாய் திறக்கவில்லை. நோயாளியிடம் எப்படிச் சொல்வது? மைலோ கூரையைப் பார்த்தார். ஆர்லிஸ் எழுதுவதை ரோண்டாவும் பார்த்தாள், அவளும் சொல்லவில்லை. ஒட்டுவதற்குள் எப்படியும் வெர்லின் பார்த்துக்கொள்வான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்த வாரமே அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வெர்லின் இறக்கையை மூடியது அவள் சாவுக்குப் பிறகு.

"நீ அதை உரிக்கலையா?" என்றாள் ரோண்டா.

மைலோ எழுந்தார். "நான் அப்புறமா வர்றேன், போஸ்ட் ஆபீஸ்ல ஒரு..."

"உக்காருங்க மைலோ."

உட்கார்ந்தார்.

"இத்தனூண்டு இடம், ரோன்" என்றான் வெர்லின். "ரெண்டு ஜாண் இருக்கும். சுத்தி எல்லாம் இறுக்கமா ஒட்டியிருக்கு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாங்கும்."

"தாங்கும்னா என்னை ஏன் வேணாங்கிற?"

வெளியே எங்கோ அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"உன்னை அதுல ஏத்த முடியாது" என்றான் கடைசியில். "நேத்து ராத்திரி தோணிச்சு. உன்னை ஏத்திட்டுக் கீழ நின்னு பார்க்க என்னால ஆகாது."

"நீ மட்டும் ஏறலாமா?"

"நான் வேற."

ரோண்டாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின. இந்த மனிதன் தன்னை நம்பவில்லை என்று ஒரு நிமிஷம் முன்பு வரை கோபப்பட்டதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. "வெர்ல், நேரா கேக்கறேன், நேரா சொல்லு. நீ திரும்பி வர்றதா இருந்தியா?"

அவன் கையிலிருந்த துணியை மடித்தான். மறுபடி மடித்தான். "வரக்கூடாதுன்னு நினைக்கலை. வந்துதான் ஆகணும்னும் நினைக்கலை."

மைலோ காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"டேப் எதுக்கு?" என்றாள் ரோண்டா.

"எழுத்துல பசை படக்கூடாதுன்னு."

"அப்படி என்னதான் எழுதியிருக்கா?"

"தெரியாது. நான் படிக்கலை. கண்ணை அந்தப் பக்கம் திருப்பிட்டுத்தான் டேப்பை ஒட்டினேன்." மடித்த துணியை மறுபடி பிரித்தான். "படிச்சுட்டா முடிஞ்சிரும், ரோன். படிக்காத வரைக்கும் அவ எங்கிட்ட சொல்ல ஏதோ ஒண்ணு மிச்சம் இருக்கு."

திட்டுவதற்கு ரோண்டாவிடம் வார்த்தைகள் தயாராக இருந்தன. அவற்றை விட்டுவிட்டாள். அலமாரிக்குப் போய் முகமூடி இரண்டை எடுத்தாள். தூசி உறிஞ்சும் குழாயையும் எடுத்தாள். சின்ன வெட்டுச் சக்கரத்தை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள்.

"உன் இறக்கை. நீ வெட்டறியா, நான் வெட்டவா?"

அவன் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தான். பிறகு வாங்கிக்கொண்டான்.

வெள்ளிப் பெயின்டின் மேல் கோடு போட்டு வெட்டினான். கறுப்புப் புழுதி பறந்தது. ரோண்டா குழாயைப் பக்கத்திலேயே பிடித்தபடி கூடவே நகர்ந்தாள். வீட்டுக்குப் போய் எத்தனை தடவை குளித்தாலும் அந்தப் புழுதி உடம்பில் அரிக்கும். மூன்று பக்கம் வெட்டி முடித்து, பின்விளிம்பில் நெம்புவதற்கு உளியை எடுத்தான். உளியே தேவைப்படவில்லை. விரலைக் கொடுத்ததும் தோல் சும்மா எழும்பி வந்துவிட்டது, நீல டேப்போடு சேர்ந்து, டப்பா மூடியைத் திறப்பதுபோல.

"தாங்கும்னு கணக்குப் போட்டியே" என்றாள் ரோண்டா.

வெர்லினின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

விளிம்பில் வெள்ளி எழுத்துகள் அப்படியே இருந்தன. ஆர்லிஸின் கோணல் கையெழுத்து, கடைசி மாதங்களின் நடுக்கத்தோடு. வெர்லின் கண்ணாடியைத் தேடினான். அது நெற்றியில்தான் இருந்தது. ரோண்டா அதைக் கீழே இழுத்து மூக்கில் மாட்டிவிட்டாள். அவன் வாய்விட்டுப் படித்தான்.

"'இது உரிதுணின்னு எனக்குத் தெரியும். ஒருத்தராவது வாயைத் திறந்து சொல்றாங்களான்னு பார்க்கிறேன். இதுவரைக்கும் யாரும் சொல்லலை. உரிச்சிடு, வெர்ல்.'"

முதலில் சிரித்தது வெர்லின்தான். சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறியது. இறக்கையின் மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, வெளியே கேட்குமே என்ற கூச்சமில்லாமல் அழுதான். கல்லறைத் தோட்டத்திலும் அவன் இப்படி அழவில்லை. அங்கே வந்தவர்களுக்கெல்லாம் கைகொடுத்து, இவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தான். ரோண்டா அவன் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கன்னத்திலும் கறுப்புப் புழுதி கோடுகோடாக வழிந்தது.

"நானும் பார்த்தேன், வெர்லின்" என்றார் மைலோ, நாற்காலியிலிருந்தே. அவர் காது சிவந்திருந்தது. "அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"எல்லாரும் பார்த்தோம்" என்றாள் ரோண்டா. "எங்க எல்லாரையும் வெச்சு விளையாடியிருக்கா, பாவி."

வெர்லின் முகத்தைத் துடைத்துக்கொண்டு, துணியின் மூலையை நகத்தால் கிளப்பினான். ஒரே இழுப்பு. சர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டு அது கிழியாமல் முழுசாக வந்தது. அடியில் சுத்தமான, சொரசொரப்பான கறுப்பு. வழக்கமாக உரித்ததைச் சுருட்டிக் குப்பையில் போடுவார்கள். இவன் அதை நீட்டிப் பிடித்துச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டான்.

"வேற எங்கயாவது இப்படி இருக்கா?" என்றாள் ரோண்டா.

"இல்லை. இது ஒண்ணுதான். சத்தியமா."

"அப்ப சனிக்கிழமை இல்லைன்னு எல்லாருக்கும் சொல்லிடறேன்" என்றார் மைலோ. "காரணம் என்னன்னு கேட்டா?"

ஹார்விக்கில் இதற்கென்று பதில்கள் தயாராக இருக்கும். காற்று சரியில்லை, ஒரு சாமான் வரவில்லை. வெர்லின் கொஞ்சம் யோசித்தான்.

"உரிதுணியை உரிக்காம ஒட்டிட்டேன்னு சொல்லுங்க."

மைலோ தலையாட்டினார்.

ரோண்டா வெட்டுச் சக்கரத்தைத் துடைத்து உறையில் போட்டாள். கேட்க வேண்டியதை இந்த முறை அவள் விடவில்லை. "சரி பண்ணினப்புறம் யார் மேல கொண்டுபோறது?"

"உனக்கு எப்படித் தோணுதோ..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். கை சட்டைப் பையைத் தொட்டது. "நீ கொண்டுபோ. எனக்கு ஆசை இல்லாம இல்லை. ஆனா நான் போனா திரும்பி வந்துடுவேன்னு எனக்கே இன்னும் உறுதியா தெரியலை. தெரிஞ்சதும் உங்கிட்ட வந்து கேக்கறேன். கேட்டா குடுப்பியா?"

"கேளு. குடுக்கறேன்."

வெர்லின் தொட்டிக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான். பிறகு மேசைக்கு வந்தான். தட்டில் மைலோ மிச்சம் வைத்த பாதித் துண்டு எலுமிச்சை கேக் இருந்தது. மைலோ வழக்கம்போலக் கத்தியை அவன் பக்கம் நகர்த்தினார். அவன் கத்தியைத் தொடவில்லை. துண்டை முழுசாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.