ஏழு நாள் கெடு

மாடித் தளத்துக்குக் கொடுத்திருந்த முட்டுகளைக் கழற்றலாமா என்று, கட்டட வேலையை ஒப்பந்தம் எடுத்த மேஸ்திரி இன்ஜினியரிடம் கடிதம் கொடுத்தார். பதில் சொல்ல ஏழு நாள் கெடு. "கூடாது" என்று இன்ஜினியர் அன்றைக்கே எழுதி, கடைசி நாளில் கொடுக்கலாமென்று டிராயருக்குள் போட்டு வைத்தார். சட்டென்று பதில் சொல்கிறவன் தலையில் இன்னும் பத்து வேலையைக் கட்டுவார்கள் என்பது அவர் பட்டுத் தெரிந்துகொண்டது.

ஆறாம் நாள், கூடாதென்றால் உடனே சொல்லியிருப்பார் என்று நினைத்து, பதில் வராததையே சம்மதமாக எடுத்துக்கொண்டு மேஸ்திரி முட்டுகளைக் கழற்றினார். தளம் இடிந்து அவர்மேலேயே விழுந்தது. ஆள் பிழைக்கவில்லை.

"கெடு தாண்டலையே, உங்க மேல தப்பே இல்ல சார்" என்று விசாரணையில் தட்டிக்கொடுத்து அனுப்பினார்கள்.

வெளியே வந்த இன்ஜினியரை மேஸ்திரியின் மனைவி மறித்தாள்.

"அவருக்கு எழுத வராது. அந்தக் கடுதாசிய நான்தான் எழுதினேன்" என்றாள். "என் கையெழுத்து புரியலையா ஐயா?"