கறுப்பு மை கரையும்

பிரிண்டர் வாங்கும் முன் இரண்டு வாரம் படித்துப் பார்த்தேன். தொட்டியில் மை ஊற்றுகிற வகைதான் என்று முடிவானது. கடைக்காரர் இரண்டு மாடல்களைக் காட்டி, "இதுல கறுப்பு மை தண்ணி பட்டா கரையும் சார். அதுல கரையாது" என்றார்.

"தாளைத் துவைச்சுக் காயவா போடப்போறேன்?" என்று சிரித்துவிட்டு, விலை குறைந்ததை எடுத்துவந்தேன்.

மை பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தொட்டி வாயில் கவிழ்த்து நிறுத்தினேன். முதலில் அச்சிட்டது அப்பாவின் மாத்திரை அட்டவணை. டாக்டரிடம் அப்பாவை அழைத்துப்போவது நான். வேளை தவறாமல் மாத்திரை கொடுப்பது அக்கா. எது, எத்தனை என்பதற்கு அவளுக்கு இருந்த ஒரே துணை அந்தத் தாள்தான். கண்ணில் படட்டும் என்று தண்ணீர் ஃபில்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

பத்து நாளில் அப்பா குளியலறை வாசலில் தலைசுற்றி விழுந்தார். நல்லவேளை, எலும்பு எதுவும் முறியவில்லை. புதிதாக எழுதிய பிரஷர் மாத்திரை பாதிக்குப் பதில் முழுசாகப் போயிருக்கிறது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அண்ணன் அக்காவிடம் கத்தினான்.

"கண்ணை எங்கடி வச்சிருந்தே?"



மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோதுதான் தாளைப் பார்த்தேன். 1/2 என்று இருந்த இடத்தில் தண்ணீர் தெறித்திருந்தது. வெளிறிய சாம்பல் தீற்றலுக்குப் பக்கத்தில் 1 மட்டும் நின்றது. பிய்த்துக் கசக்கினேன். புதிதாக ஒன்றை அச்சிட்டு அதே இடத்தில் ஒட்டினேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அப்பாவைக் கூட்டிவந்த அன்று அக்கா நேராக அந்தத் தாள் முன்னால் போய் நின்றாள். "அரைன்னு தெளிவாத்தான்டா போட்டிருக்கு. எனக்குத்தான் தெரியல."

அதன்பிறகு அவள் தானாக ஒரு மாத்திரையும் கொடுக்கவில்லை. நான் ஆபீஸில் இருந்தால் உள்ளங்கையில் வைத்து போட்டோ அனுப்புவாள். சரி என்று பதில் போடுவேன். மூன்று வேளையும்.

அக்காவைச் சோதித்த கண் டாக்டர் கண்ணாடிகூட வேண்டாம் என்றுவிட்டார். படிக்கட்டில் இறங்கும்போது அக்கா பாதியில் நின்றாள்.

"கண்ணு நல்லாத்தான் இருக்காம். அப்போ மூளைதான்டா. இனிமே அப்பாவை என்கிட்ட விடாதீங்க."

சொல்லிவிட்டேன். கரைந்த மை, கசக்கிய தாள், புதுத் தாள், எல்லாவற்றையும். அழுவாள் என்று நினைத்தேன்.

"நேத்து போட்டோ அனுப்பினேனே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"அண்ணனுக்குப் போன் போடு."

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாமே."

"இங்கயே. ஸ்பீக்கர்ல."

எங்களை ஒதுக்கிக்கொண்டு ஆட்கள் ஏறி இறங்கினார்கள். அண்ணன் எடுத்த எடுப்பிலேயே, "என்னடா, அவ கண்ணுக்கு என்னவாம்?" என்றான்.

"அவ கண்ணுல ஒண்ணும் இல்லண்ணே" என்று ஆரம்பித்தேன்.