மஞ்சள் கோடு போட்ட போல்ட்டுகள்

பன்னிரண்டு வருடம் நான் அண்ணனோடு பேசவில்லை. காரணம் சொத்து இல்லை, கல்யாணப் பேச்சு இல்லை. ஒரு படகு எஞ்சினின் புகைக்குழாய் வளைவு. சொன்னால் சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போது அண்ணன் தங்கை இருவரும் ஒரே பட்டறையில் வெல்டிங் செய்தோம். ஜன்னலில் எப்போதும் ஒரு ஜாடி கடல்நீர் இருக்கும். எந்த உலோகத்தோடு எது ஒத்துப்போகும் என்று பார்க்க, அண்ணன் இரண்டு துண்டுகளைக் கம்பியால் பிணைத்து அதில் வாரக்கணக்கில் தொங்கவிடுவான்.

"பொண்ணு மாப்பிள்ளை எப்படி இருக்காங்க?" என்று காலையில் வந்ததும் கேட்பேன்.

"மாப்பிள்ளை கரைஞ்சிட்டு இருக்கான், பாவம்," என்பான்.

ஒரு படகுக்காரரின் எஞ்சினில், புகையும் கடல்நீரும் சேர்ந்து வெளியேறும் வளைவு துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. எஞ்சின் பக்கம் வார்ப்பிரும்பு. நான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பளபளவென்று புது வளைவு செய்தேன். என் கையால் செய்ததிலேயே அழகான வேலை.

அண்ணன் உதட்டைப் பிதுக்கினான். "இரும்புக்கு இரும்பே போடு. உப்புத்தண்ணில ஸ்டீல் பக்கத்துல இருந்தா இரும்பை அரிச்சிடும். மூணு வருஷம் தாங்காது."

"உனக்குப் பொறாமை," என்றேன், படகுக்காரர் முன்னாலேயே. அந்த வார்த்தையை விட்டிருக்கக் கூடாது. மறுநாள் அவன்தான் வளைவைப் பூட்டிக் கொடுத்தான். அந்த வாரமே சாமான்களைக் கட்டிக்கொண்டு துறைமுகத்தின் மறுபக்கம் போய்விட்டான்.

மூன்று வருடம் போனது, ஐந்து போனது, பத்தும் போனது. படகு ஜம்மென்று ஓடியது. தப்பு தன்மேல் என்று அவனே வந்து சொல்லட்டும், பிறகு பேசலாம் என்று விறைப்பாக இருந்தேன்.

இன்று படகுக்காரர் வந்தார். வளைவின் வெல்டிங் ஓரத்தில் குண்டூசி அளவு துளை, தண்ணீர் சொட்டுகிறது. போய்க் குனிந்து பார்த்தேன். நான்கு போல்ட்டிலும் தலையிலிருந்து வளைவு வரை ஒரு மஞ்சள் கோடு. போல்ட் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். அண்ணனின் பழக்கம் அது. ஆனால் கோடு புதுசு. பன்னிரண்டு வருடப் பெயிண்ட் இப்படிப் பளிச்சென்று இருக்காது.

கழற்றினேன். ஒவ்வொரு போல்ட்டையும் சுற்றி ஒரு பிளாஸ்டிக் உறை, தலைக்கடியில் உலோகமில்லாத வாஷர், இரும்புக்கும் ஸ்டீலுக்கும் நடுவில் தடித்த கேஸ்கெட் அட்டை. ஸ்டீல் இரும்பை எங்கேயும் தொடவேயில்லை.

"இதையெல்லாம் யார் போட்டது?"

படகுக்காரர் தலையைச் சொறிந்தார். "உங்க அண்ணன்தாம்மா. முதல் நாளே போட்டாரு. வருஷா வருஷம் வந்து மாத்திட்டுப் போவாரு. 'ஆசையா செஞ்சிருக்கா, அவகிட்ட சொல்லிடாதீங்க'ன்னாரு."

ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு அழுதேன். இத்தனை வருடம் நான் மார்தட்டிக்கொண்டது அவன் போட்ட வாஷரை வைத்து.

கையைத் துடைத்துக்கொண்டு போன் செய்தேன். எடுத்தான்.

"அண்ணா, நான்தான். அந்த வளைவைக் கழட்டிட்டேன். இந்தத் தடவை வார்ப்பிரும்புதான் போடப்போறேன்."

"ம்."

"மஞ்சள் பெயிண்ட் என்கிட்ட இல்ல."

"அந்த ஜாடி இருக்கா?" என்று கேட்டான்.

"ஜன்னல்லதான் இருக்கு. வாராவாரம் தண்ணி மாத்துறேன்," என்றேன்.