காலருக்குள் இருந்த வாசனை

புதைத்துவிட்டு வந்தவர்கள் தங்கள் கோட்டுகளை வேன்யா படுத்துச் செத்த கட்டிலின் மேல் குவித்துக்கொண்டிருந்தார்கள். வாசலை ஒட்டிய கொக்கிகள் எப்போதோ நிரம்பிவிட்டன. மெத்தையைச் சுருட்டி, பலகையின் மேல் ஒரு போர்வையை விரித்து வைத்திருந்தாள் மகள் ஸோயா. அதன் மேல் நரித்தோல் காலர்கள், பஞ்சு அடைத்த மேலங்கிகள், நனைந்த கம்பளிகள் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து, அறையின் சூட்டில் ஆவி விடத் தொடங்கின. வேன்யாவின் மனைவி ரிம்மா கதவருகே நின்று பார்த்தாள். ஒவ்வொரு கோட்டும் தன் வீட்டு நெடியைக் கொண்டுவந்திருந்தது. அந்துருண்டை, முட்டைக்கோஸ் சூப்பு, யாரோ ஒருவருடைய பூனை. மேலே கிடந்த ஒரு கை மெல்லச் சரிந்து கட்டிலுக்கு வெளியே தொங்கியது. வேன்யாவின் கை கடைசி வாரத்தில் அப்படித்தான் தொங்கிற்று. அடுப்படிக்குப் போய்க் குழாய்த் தண்ணீரை வாயில் ஊற்றிக்கொண்டாள்.

சாவுச் சாப்பாட்டின்போது அதிகம் அழுதவர் லோபனோவ்தான். ஆலையில் இருபது வருஷத்துக்கு மேல் வேன்யாவுக்கு அடுத்த கடைசல் எந்திரத்தில் நின்றவர். குளிரில் உறையவைத்த இறைச்சிக் கூழை வெட்டி, கடுகு தடவி, விரலாலேயே வாய்க்குள் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"அவன மாதிரி ஒரு மனுஷன் இனிமே பொறக்க மாட்டான். என் கூடப் பொறக்காத தம்பிய்யா அவன். நான் சொல்றது பொய்யின்னா இந்தக் கிளாஸ் என் தொண்டையிலேயே நிக்கட்டும்!"

கிளாஸ் நிற்கவில்லை. ஒரே மடக்கில் இறங்கியது. தாடையில் கடுகு ஒட்டியிருந்தது. கண்ணீர் அதன் மேல் வழிந்து, கடுகோடு சேர்ந்து சட்டையில் சொட்டியது. ரிம்மா தட்டைப் பார்த்துக்கொண்டாள். தம்பியாம். வேன்யா உயிரோடு இருந்த காலத்தில் இவர் பேரைச் சொல்லும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பான். சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலை எந்திரத்துக்கு அடியில் துப்புகிறவர், தொழிற்சங்கத்தில் இறைச்சிப் பங்கு பிரிக்கும்போது கொழுத்த துண்டை முதலில் எடுத்துக்கொள்கிறவர். "அந்தாளு மூச்சு விடுற சத்தம் கேட்டாலே எனக்குக் கொமட்டுது ரிம்மா," என்பான். சுத்தமான மனுஷன் வேன்யா. நகத்துக்கடியில் எண்ணெய்க் கறுப்பு தெரிந்தால் சாப்பிட உட்கார மாட்டான்.

அந்த ஊரில் ஐம்பதைத் தாண்டிய ஆண்களைப் பின்னாலிருந்து அடையாளம் சொல்ல முடியாது. ஆலை நன்றாக ஓடிய காலத்தில் மங்கோலியாவிலிருந்து ஒரு ரயில் பெட்டி நிறைய ஆட்டுத்தோல் கோட்டுகள் வந்து இறங்கின. எல்லாம் ஒரே பழுப்பு, ஒரே வெட்டு, உள்ளே ஒரே மஞ்சள் மயிர். சங்கத்தில் சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கொடுத்தார்கள். அதன்பிறகு ஆலை பாதி மூடிக்கொண்டது, நாட்டின் பேரே மாறியது, கல்யாணங்கள் முறிந்தன, ஆட்கள் செத்தார்கள். கோட்டுகள் மட்டும் சாகவில்லை. கோடையில் பூச்சி அரிக்காமலிருக்க ஆரஞ்சுத் தோலோடு அலமாரிக்குள் போய், முதல் பனிக்கு வெளியே வந்தன. உள்பைகள் கிழிந்தபோது எல்லாரும் சந்தைக்குப் பக்கத்திலிருந்த ஒரே தையற்காரியிடம் போய் ஒரே காக்கித் துணி போட்டுக்கொண்டார்கள். ஒரே மாதிரி வேலை செய்த முழங்கைகள் ஒரே இடத்தில் பளபளத்தன. டிராம் நிறுத்தத்தில் நாலு வேன்யாக்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். எவன் தன்னுடையவன் என்று அவன் திரும்பினால்தான் ரிம்மாவுக்குத் தெரியும்.

எல்லாரும் போனபின் கட்டில் மறுபடி வெறும் பலகையானது. ஸோயா சாளரத்தைத் திறந்துவிட்டு, படுக்கை விரிப்புகளையும் உள்ளாடைகளையும் பெரிய தேக்சாவில் போட்டுச் சலவைச் சோடாவோடு கொதிக்கவைத்தாள். ரிம்மா தடுக்கவில்லை. அந்தத் துணிகளில் இருந்தது வேன்யா இல்லை. மருந்தும் மூத்திரமும், கடைசியில் வாயிலிருந்து வந்த அழுகிய பழ வாடையும். இலையுதிர் காலத்திலிருந்து அதைத்தான் அவள் சுவாசித்திருந்தாள். அதற்கு முந்திய வேன்யாவின் வாசனை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் மூக்குக்குள் அந்தப் பழம்தான் வந்து நின்றது.

கோட்டு மட்டும் மிச்சம். அவன் படுக்கையில் விழுவதற்கு முன் கடைசியாகக் கழற்றி வாசல் கொக்கியில் மாட்டியது. நோய் அதைத் தொட்டதில்லை.

அவள் அதை எடுத்துக் காலரை விரித்து முகத்தைப் புதைத்தாள். ஆட்டுக் கொழுப்பு, பழைய வியர்வை, கழுத்து மயிரின் பிசுக்கு, குளிரில் இறுகிப்போன ஏதோ இனிப்பு. இதுதான். இதையா மறந்திருந்தேன்? "வேன்யா," என்று காலருக்குள் சொன்னாள்.

அன்றிலிருந்து கோட்டைப் போர்த்திக்கொண்டுதான் படுத்தாள். மயிர்ப்பக்கம் உள்ளே இருக்க, காலர் வாய்க்கு மேல் வரும்படி இழுத்துக்கொள்வாள். ஒருமுறை உதட்டால் அந்த மயிரைக் கவ்விக்கொண்டே தூங்கிப்போனாள். பைகளுக்குள் மட்டும் கை விடவில்லை. அதைக் கடைசிக்கு என்று வைத்திருந்தாள்.

"அம்மா, அதுல ஆட்டுக் கொழுப்பு நாத்தத்தைத் தவிர என்ன இருக்கு?" என்றாள் ஸோயா.

"உனக்குத் தெரியாது."

"எனக்கும் அப்பாதான். ஆனா அவரு இப்டி முடை அடிச்சதில்ல."

"உங்கப்பாவ நீயா துவைச்சுப் போட்ட? எனக்குத் தெரியும்டி."

ஒரு காலையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது ஸோயா மேசைக்கு மேலாகக் கையை நீட்டி, தாயின் கன்னத்திலிருந்து எதையோ நகத்தால் பிய்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். செம்பட்டையாக, சுருண்டு, ஒரு மயிர்.

"அம்மா, அப்பா எப்போ நாய் வளத்தாரு?"

"டிராம்ல ஒட்டியிருக்கும்."

"டிராம்லயா? நீ படுக்கையிலிருந்து இப்பதான எழுந்த."

ரிம்மா எழுந்து அறைக்குப் போனாள். கோட்டின் வலப்பைக்குள் கையை விட்டாள். விரலில் உமி குத்தியது. வெளியே எடுத்தாள். சூரியகாந்தி விதைத் தோல்கள், எச்சிலில் ஒட்டிக் காய்ந்து உருண்டையாகிப்போனவை. ஒரு கணம், கடைசி வருஷத்தில் எனக்குத் தெரியாமல் விதை கொறித்தாயா என்று அவன்மேல் செல்லக் கோபம்கூட வந்தது. அடுத்த பையில் ஒரு கைக்குட்டை இருந்தது. சளியில் விறைத்து, பலகைத் துண்டு மாதிரி மடியாமல் நின்றது.

வேன்யாவின் கைக்குட்டைகளை அவள்தான் இஸ்திரி போட்டு நாலாக மடித்து வைப்பாள்.

லோபனோவ் அன்று போதையில் வெளியே போகும்போது கொக்கியிலிருந்த வேன்யாவின் கோட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். கட்டில்மேல் மிஞ்சிக் கிடந்த அவருடையதை, வேன்யாவின் கோட்டை யார் இங்கே தூக்கிப் போட்டது என்று முணுமுணுத்தபடி ஸோயா கொண்டுபோய் மாட்டியிருக்கிறாள்.

ரிம்மா சலவை சோப்பை எடுத்து முகத்தைத் தேய்த்தாள். உதட்டைத் தேய்த்தாள், நாக்கைக்கூட. கன்னம் எரியும்வரை விடவில்லை. லோபனோவின் கழுத்துப் பிசுக்கை மூச்சிழுத்து, அதில் சுகம் கண்டு, புருஷன் பேரைச் சொல்லியிருக்கிறாள். யார் மூச்சைக் கேட்டாலே வேன்யாவுக்குக் குமட்டுமோ அந்த ஆளின் வியர்வை அவளைத் தூங்கவைத்திருக்கிறது. அந்த ஆள்மேல் வந்த அருவருப்பு சோப்போடு போய்விடும் போலிருந்தது. தன்மேல் வந்தது போகவில்லை. இத்தனை வருஷம் ஒரே படுக்கை. நாய்க்குக்கூடத் தெரிவது இந்த மூக்குக்குத் தெரியவில்லை. இதுதான் என்று அடித்துச் சொன்னதே! அப்படியானால் வேன்யாவை அது எப்போது தொலைத்தது?

இன்னும் ஒரு வழி இருந்தது. லோபனோவ் வீட்டில் வேன்யாவின் கோட்டு இருக்கிறது. அதை ஒருமுறை முகர்ந்துவிட்டால் போதும், எல்லாம் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். அவள் லோபனோவின் கோட்டைப் பழைய விரிப்பில் மூட்டையாகக் கட்டி, உடம்பில் படாமல் கைநீட்டித் தூக்கிக்கொண்டு டிராமில் ஏறினாள். முந்தின இரவு புதுப் பனி விழுந்து, ஊர் முழுக்கக் கண் கூசியது.

கதவைத் திறந்தது லோபனோவின் மனைவி கிளாவ்தியா. காலுக்கிடையிலிருந்து ஒரு செம்பட்டை நாய் பாய்ந்து மூட்டையைப் பார்த்து வாலாட்டியது.

"ரிம்மா பாவ்லவ்னாவா! வாங்க வாங்க. ஐயோ, வாசப்படிக்கு மேல வச்சுக் குடுக்காதீங்க, ஆகாது. உள்ள வந்து குடுங்க. என்னது இது?"

"உங்க வீட்டுக்காரரோட கோட்டு. மாறிப்போச்சு."

கிளாவ்தியா மூட்டையைப் பிரித்தாள். காலரை ஒரு தரம் மோந்தாள், அவ்வளவுதான்.

"எங்க ஆளோடதுதான்! அப்ப அது… ஸ்த்யோபா! ஏய் ஸ்த்யோபா! இங்க வாய்யா, தின்னது போதும்! நீ யாரு கோட்டப் போட்டுக்கிட்டு வந்து நின்ன தெரியுமா?"

லோபனோவ் உள்பனியனோடு, வாயில் எதையோ மென்றபடி வந்தார். விஷயம் புரிந்ததும் மெல்லுவது நின்றது.

"வேன்யாவோடதா?" என்றார். "தோள் பிடிக்குதேன்னு அன்னைக்கே நெனச்சேன். சாப்பாடு ஜாஸ்தியாயிடுச்சோன்னு…" கெட்டது அண்டாமலிருக்க இடத்தோளுக்கு மேலாகத் துப்பினார், கதவுச் சட்டத்தைத் தட்டினார். உள்ளங்கைகளைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார். "செத்து நாப்பது நாள் கூட ஆவலையே. செத்தவன் கோட்ட மாட்டிக்கிட்டுப் டிராம விட்டு எறங்கி வீடு வரைக்கும் நடந்திருக்கேனே. எனக்கு ஒண்ணும் ஆயிடாதில்ல?"

அவர் முகத்திலும் அருவருப்புதான். ரிம்மா அதைப் பார்த்தாள். தம்பியாம்.

"கோட்டக் குடுங்க, நான் போறேன்," என்றாள்.

"குடுக்கறேன், குடுக்கறேன்." கிளாவ்தியா பால்கனிப் பக்கம் நடந்துகொண்டே பேசினாள். "நான் இந்தாள வார்த்தையாலயே கொன்னுட்டேன் ரிம்மா பாவ்லவ்னா. அன்னைக்கு உள்ள வந்ததுமே குப்புனு அடிச்சுது. டாக்டர் வேணாம்னு சொல்லியும் திருட்டுத்தனமா சிகரெட் புடிக்க ஆரம்பிச்சிட்டான்னு நெனச்சு, அப்பவே கோட்டக் கழட்டி பால்கனியில தொங்கவிட்டேன். 'இது என் வாசனை இல்லடி'ன்னு கத்துனான் பாவம். யார் நம்புறது?"

"அப்ப அவரு போட்டுக்கவே இல்லையா?"

"எங்க போட்டான்? பழைய பஞ்சுக் கோட்டோடதான் அலைஞ்சான். அது அங்கேயேதான் தொங்குச்சு."

ரிம்மா அவள் பின்னாலேயே போனாள். கிளாவ்தியா பால்கனிக் கதவைத் திறந்து கோட்டை உள்ளே கொண்டுவந்தாள். பலகை மாதிரி விறைத்திருந்தது. கைகள் இரண்டும் மடங்காமல் நீட்டிக்கொண்டு நின்றன. ரிம்மா அதைப் பிடுங்கிக் காலருக்குள் முகத்தை வைத்தாள்.

காடி. ஊறுகாய்க்கு ஊற்றும், மூக்கைத் துளைக்கும் காடி. அதற்குப் பின்னால் வெறும் குளிர்.

"புதுப் பனிக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன்," என்று கிளாவ்தியா சொல்லிக்கொண்டிருந்தாள். "பழைய பனியில போட்டா அழுக்கு எடுக்காது பாருங்க. இன்னைக்குக் காலையிலதான் கீழ முற்றத்துல விரிச்சுப் போட்டு, கம்பள மட்டையால சாத்து சாத்துன்னு சாத்துனேன். அப்புறம் உள்ள முழுக்கக் காடி வச்சுத் துடைச்சேன். இப்ப பாருங்க, ஒரு பொட்டு நாத்தம் கெடையாது. உங்களுக்கு வேல மிச்சம்."

ரிம்மா காலரிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"என்ன நாத்தம்?" என்று கேட்டாள்.

"ஆங்?"

"துடைக்கறதுக்கு முன்னாடி. என்ன நாத்தம் அடிச்சுது?"

கிளாவ்தியா புருஷனைப் பார்த்தாள். அவர் நாயைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார்.

"சிகரெட்டுன்னு சொன்னேனே. அந்த மட்ட ரகம், பஞ்சு வைக்காதது."

"அப்புறம்?"

"எந்திர எண்ணெய் மாதிரி கொஞ்சம்."

"அப்புறம்?"

"எனக்கென்னங்க தெரியும்! நாத்தம்னா நாத்தம்தான். உக்காந்து பிரிச்சுப் பிரிச்சா பாத்தேன்?" என்றவள் ரிம்மாவின் முகத்தைப் பார்த்துச் சற்று தணிந்தாள். மூக்கைச் சுருக்கி, விருப்பமில்லாமல் நினைவுக்குக் கொண்டுவந்தாள். "காதுக்குப் பின்னால படுற எடத்துல… என்னமோ, ஈரமான மரத்தச் சீவினா வருமே, அந்த மாதிரி. எங்காளுக்கு அப்படி ஒண்ணு கெடையாதேன்னுதான் எனக்குச் சந்தேகம் ஜாஸ்தியாச்சு. ஒமட்டிக்கிட்டு வந்துச்சு, உண்மையச் சொல்லணும்னா. தேநீர் குடிக்கிறீங்களா?"

ஈரமான மரம். ரிம்மா அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். தனக்குத் தெரியாத ஊரின் பேர் மாதிரி இருந்தது. இவளுக்கு ஒரே மூச்சில் தெரிந்திருக்கிறது. தெரிந்து, குமட்டி, அடித்துத் துடைத்துப் போட்டிருக்கிறாள்.

தேநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, விறைத்த கோட்டை அணைத்துத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். திருப்பத்தில் கோட்டின் கை சுவரில் உரசிக்கொண்டே வந்தது.

கம்பளம் தட்டும் இரும்புச் சட்டம் முற்றத்தின் மூலையில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் வெள்ளைப் பனியில் ஓர் ஆள் கைகளை விரித்துக் குப்புறக் கிடந்த மாதிரி அழுக்கு பதிந்திருந்தது. முதுகு இருந்த இடம் சாம்பல். முழங்கைகளில் கறுப்பு. கீழ்விளிம்பு முழுக்கப் பழைய தெருக்களின் சேறு. கழுத்து இருந்த இடத்தில் மங்கலான மஞ்சள் வளையம். சுற்றிலும் கிளாவ்தியாவின் காலடிகள் ஆழமாக மிதித்திருந்தன. இரண்டு புறாக்கள் அதன் இடுப்பில் நின்று எதையோ கொத்திக்கொண்டிருந்தன.

ரிம்மா புறாக்களை விரட்டினாள். கோட்டைச் சட்டத்தில் சாத்தினாள். கையுறைகளைக் கழற்றி, மண்டியிட்டு, அந்த மஞ்சள் வளையத்தின் ஓரத்திலிருந்து இரண்டு கையாலும் பனியை அள்ளினாள்.

மேலே பால்கனிக் கதவு படாரென்று திறந்தது.

"ஐயையோ, ரிம்மா பாவ்லவ்னா! அதத் தொடாதீங்க, அழுக்கு! எல்லாம் அழுக்கு!"

அவள் கைகளுக்குள் குனிந்து மூச்சை இழுத்தாள். பனி உருகி, சாம்பல் நிறத் தண்ணீராக விரலிடுக்கில் இறங்கி, மணிக்கட்டைச் சுற்றி, அவளுடைய கோட்டின் கைக்குள் ஓடியது.